மலையடிவாரக் கலைவிழா: வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

எங்கள் விழாக் குழுவில் ஃபோன் எடுப்பது என் வேலை. நோட்டீஸின் அடியில் இருப்பது என் எண்தான். பொங்கல் கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளுவதற்கு முன்பே அழைப்புகள் ஆரம்பித்துவிடும். எட்டு வருஷமாகக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை, குரல்கள்தான் மாறுகின்றன. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்தது இது. ஊர், வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது.

அண்ணே, இது கோயில் திருவிழாவா, இல்ல கலைவிழாவா?

கலைவிழா. காப்புக் கட்டு கிடையாது, கொடியேற்றம் கிடையாது, முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையும் கிடையாது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஊர்ப் பொதுவெளியான மந்தையில் தப்பு, அதாவது பறை, முழங்கும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு நாடகம் முடியும்.

ஆனால் சாமியே இல்லாத விழா என்று நினைத்து வராதீர்கள். ஆட வருகிற குழுக்கள் பெரும்பாலும் மந்தையம்மன் முன்னால் ஒரு சூடம் கொளுத்திவிட்டுத்தான் சலங்கை கட்டும். அது அவர்கள் வழக்கம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

எந்தத் தேதி? ஏன் வருஷா வருஷம் மாத்துறீங்க?

தை மாதத்தின் கடைசி சனி, ஞாயிறு. இந்த நாளைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கலைஞர்கள் கையில் ஒரு நாள்கூட இருக்காது. ஊர் ஊராகப் பொங்கல், முளைப்பாரி, நடுவில் அழகர் ஆற்றில் இறங்குவது வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் மலையிலிருந்து இறங்குகிற பனியில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். பொங்கலை ஒட்டி வைக்கலாம் என்றால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. ஊரில் இளவட்டங்களும் இருக்க மாட்டார்கள், பந்தோபஸ்துக்குப் போலீஸும் கிடைக்காது. மாசி பிறந்தால் சிவராத்திரி, எல்லோரும் குலசாமி கும்பிடக் கிளம்பிவிடுவார்கள். உருமி மேளக்காரர்களை அப்போது பிடிக்கவே முடியாது. மிச்சம் இருந்தது தைக் கடைசிதான்.

தைப்பூசம் அந்த வாரத்தில் விழுந்தால் மட்டும் ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்துவோம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் நிறைந்த ரோட்டில் மேளக்காரர்கள் வேன் நேரத்துக்கு வந்து சேராது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு லீவு போடுங்கள்.

மேப்ல சிறுமலைன்னு போட்டா திண்டுக்கல் பக்கம் கூட்டிட்டுப் போகுது. எப்படித்தான் வர்றது?

மேப் மேல் குற்றமில்லை. அது காட்டுவது மலை மேலிருக்கும் சிறுமலை ஊரை. அங்கே போக திண்டுக்கல் வழியாகத்தான் சாலை, 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். நாங்கள் மலைக்குக் கீழே, தெற்குப் பக்கம், குட்லாடம்பட்டி அருவி இருக்கிற பக்கமாக இருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்து மேலே ஏறக் கார் போகிற பாதை கிடையாது. வருஷத்துக்கு நான்கைந்து கார் மேலே போய் நின்றுகொண்டு, "மந்தை எங்க இருக்கு?" என்று எனக்கு ஃபோன் செய்யும். திரும்பி இறங்கி வந்து சேருவதற்குள் ஒயிலாட்டம் முடிந்திருக்கும்.

மதுரையிலிருந்து வந்தால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் ஏறி, வாடிப்பட்டியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். வாடிப்பட்டியில் இறங்கி மினிபஸ் அல்லது ஷேர் ஆட்டோ. ஞாயிறு இரவு நாடகம் முடியும்போது மினிபஸ் இருக்காது. அதற்காக வாடிப்பட்டி வரை ஒரு வண்டி பேசி வைத்திருக்கிறோம். பைக்கில் வருகிறவர்கள் இரவில் மெதுவாகப் போங்கள். காட்டுமாடு தண்ணீருக்குக் கீழே இறங்கும். நாம் ஹாரன் அடித்தால் அது ஒதுங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டிக்கெட் எவ்வளவு?

கிடையாது. நாற்காலியும் கிடையாது. வயதானவர்களுக்கு மட்டும் இரண்டு வரிசை பெஞ்சு போட்டிருப்போம். மற்றவர்கள் பாயோ பழைய சேலையோ கொண்டு வாருங்கள்.

என்னென்ன ஆட்டம் இருக்கும்?

சனிக்கிழமை தப்பாட்டத்தில் தொடங்கும். அதற்குப் பிறகு ஒயிலாட்டம், நன்றாக இருட்டிய பிறகு தோல்பாவைக்கூத்து. ஞாயிறு காலையில் பிள்ளைகளின் சிலம்பமும் எங்கள் ஊர்ப் பெண்களின் கும்மியும். சாயங்காலம் தேவராட்டம், பொய்க்கால் குதிரை, நையாண்டி மேளத்தோடு கரகாட்டம். கடைசியாக வள்ளி திருமணம் நாடகம். குழு கிடைப்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு மாறும். முதலும் கடைசியும் மட்டும் மாறாது.

ஒயிலாட்டமும் தேவராட்டமும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் துண்டைத்தானே வீசுறாங்க?

எட்ட நின்று பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கிட்டே வந்து காதைக் கொடுங்கள். ஒயிலாட்டத்தில் பாட்டு உண்டு. வாத்தியார் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, வரிசையில் நிற்பவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே ஆடுவார்கள். முருகன் கதை வரும், ராமாயணம் வரும். தேவராட்டத்தில் பாட்டுக்கு வேலையே இல்லை. உருமி என்ன சொல்கிறதோ அதற்குக் கால் பதில் சொல்லும். இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் தங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் ஆடி வந்த ஆட்டம் அது. இப்போது பள்ளி மேடைகளிலும் ஆடுகிறார்கள்.

உருமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு உறுமல் வரும், கவனியுங்கள். மைக் வைக்காமல் கேட்டால் அது வயிற்றுக்குள் கேட்கும். அதனால்தான் தேவராட்டத்துக்கு மட்டும் மைக்கை அணைத்துவிடுகிறோம். "மைக் வேலை செய்யல" என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

தப்பு சாவுக்கு அடிக்கிறது. அதைப் போய் முதல்ல வைக்கிறீங்களே?

முதல் வருஷம் இதை ஊருக்குள்ளேயே கேட்டார்கள், கொஞ்சம் சத்தமாகவே. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்று பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மலைநிலமான குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. ஆக, மலையடிவாரத்தில் பறை அடிப்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வேலை இல்லை.

அதைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கியது யார், அடித்தவர்களுக்குக் கூலியை எப்படிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் தெரியும். எங்கள் குழுவில் நாங்கள் எடுத்த முடிவு மூன்று. விழா தப்பில்தான் தொடங்கும். தப்பு அடிக்கிறவர்களை அழைக்கும்போது அவர்கள் தெருவுக்கே போய், சோழவந்தான் வெற்றிலையும் பாக்கும் தட்டில் வைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்து அழைப்போம். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. மூன்றாவதற்கு இரண்டு குடும்பங்கள் முதல் வருஷம் வரவில்லை. இப்போது ஒரு குடும்பம் வருகிறது. எங்களுக்குப் பக்கத்து அலங்காநல்லூர்க்காரரான வேலு ஆசானுக்குப் பறைக்காக 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, முன்பு முகம் சுளித்த ஒரு பெரியவர், "நம்ம பக்கத்து ஆளு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, டீயைக் குடித்தேன்.

மந்தை ஓரமா எதுக்குத் தீ போடுறீங்க? காடு பத்திக்காதா?

தப்பைக் காய்ச்சுவதற்கு. தோலில் ஈரம் ஏறினால் சத்தம் 'தொப் தொப்' என்று விழும். வைக்கோல் தீயில் வட்டமாகக் காட்டிச் சூடேற்றினால்தான் தோல் விறைத்து, 'ஜல்' என்று பேசும். சமவெளி ஊர்களில் மதியத்தில் ஒரு முறை காய்ச்சினால் கொஞ்ச நேரம் தாங்கும். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த உடனே குளிர் இறங்கிவிடும், அரை மணிக்கு ஒரு முறை காய்ச்ச வேண்டும். அடிக்கிறவர்கள் நடுவில் எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

காட்டைப் பற்றிய பயம் நியாயமானது. தை கடைசியில் அடிவாரத்துப் புல் காய ஆரம்பித்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் தீ தரையில் கிடையாது, பாதியாக வெட்டிய இரும்பு டிரம்முக்குள்தான். பக்கத்தில் இரண்டு பீப்பாய் தண்ணீர், ஈரச் சாக்கு, அதைப் பார்த்துக்கொள்ள மட்டும் இரண்டு பேர். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பீடி, சிகரெட்டை மலைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கரகாட்டம்னா குடும்பத்தோட உக்காந்து பாக்க முடியுமா?

முடியும். கேள்வி ஏன் வருகிறது என்று புரிகிறது. கரகாட்டம் என்ற பெயரில் ராத்திரி ஒரு மணிக்கு நடக்கிற வேறு சங்கதிகளைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்க ஊர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போவதும், ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு உத்தரவு வருவதும் இங்கே சாதாரணம்.

கரகத்தில் இரண்டு உண்டு. கோயிலில் பூசாரி எடுத்து வருவது சக்தி கரகம், அது வழிபாடு. ஆடுவதற்கு என்று இருப்பது ஆட்டக் கரகம். பித்தளைச் செம்பில் எடைக்காக அரிசியோ மணலோ போட்டு, மேலே கிளி பொம்மை வைத்திருப்பார்கள். கையால் பிடிக்காமல் அதைத் தலையில் நிறுத்திக்கொண்டு, குனிந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டைக் கண் இமையால் எடுக்கிற ஆட்களை எங்கள் மந்தையிலேயே பார்த்திருக்கிறோம். நாகஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்குமாக நையாண்டி மேளம் அதற்கு ஏற்றிக்கொண்டே போகும். நல்ல ஆட்டக்காரி ஒருத்தி நல்ல மேளத்தோடு மோதும்போது வேறு எதுவும் தேவைப்படாது.

எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் அந்தப் பெண்கள் உடை மாற்ற இடம் யோசிக்கவே இல்லை. லாரிக்குப் பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மாற்றினார்கள், சுற்றிப் பையன்கள். அந்தக் குழு அடுத்த வருஷம் வர மறுத்துவிட்டது, சரிதான். இப்போது தாழ்ப்பாள் போட்ட அறை, கண்ணாடி, கழிப்பறை, வாசலில் எங்கள் ஊர் அக்காக்கள் இரண்டு பேர்.

நல்லா ஆடுறவங்களுக்கு ரூபா குத்தலாமா? மைக்ல பேர் சொல்வீங்களா?

குத்தக் கூடாது. மேடையேறி ஆளைத் தொட்டு ரூபாய் குத்துவதற்கு எங்கள் ஊரில் இடமில்லை. கொடுக்க நினைப்பதைத் தவில்காரர் முன்னால் இருக்கும் தட்டில் போடுங்கள். அது முழுக்க அந்தக் குழுவுக்கே.

மைக்கில் பெயர் சொல்ல மாட்டோம். நாரதர் வள்ளியிடம் வாதம் செய்துகொண்டிருக்கும்போது, "அன்பளிப்பு ரூபாய் நூற்றி ஒன்று" என்று நடுவில் புகுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு அலுத்துவிட்டது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் பந்தி நடக்கும் இடத்தில் கரும்பலகையில் எழுதியிருக்கும். சாப்பிடும்போது எல்லோரும் படிப்பார்கள், கவலை வேண்டாம்.

முன்னாடியெல்லாம் குறவன் குறத்தி ஆட்டம் இருக்கும். இப்ப ஏன் இல்ல?

இனி எங்குமே இருக்கக் கூடாது. குறவர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று அந்த மக்களே வழக்குப் போட்டார்கள். 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தடுக்கச் சொன்னது, அரசும் அந்த ஆண்டே ஆட்டங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. எங்கள் விழாவில் அதற்கு முன்பும் வைத்ததில்லை. அந்த வேஷம் கட்டிப் பிழைத்தவர்களில் சிலர் இப்போது கரகத்துக்கும் பொய்க்கால் குதிரைக்கும் மாறியிருக்கிறார்கள். அவர்களை அழைக்கிறோம்.

வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும்னு எங்கப்பா சொல்வாரு. நீங்க பத்து மணிக்கு முடிச்சா அது வள்ளி திருமணமா?

கேட்கிறவர்களில் பாதிப் பேர் கோபமாகவே கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. முன்பு இரவு பத்துக்குத் தொடங்கி, பபூன் வந்து சிரிக்க வைத்து, வேடனும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கி, விடிகிறபோதுதான் மாலை மாறும். இப்போது ஒலி மாசு விதிகள் உண்டு. 2000-இல் வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. நாங்கள் அதை நம்பி உட்காருவதில்லை. ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிக்கிறோம்.

வெட்டுவதை எங்கே வெட்டுவது என்பதில்தான் சண்டை. பபூன் பகுதியைச் சுருக்கச் சொல்வோம், தர்க்கத்தில் கை வைக்க மாட்டோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த பாட்டுகள் எலும்பு மாதிரி நிற்கும், நடுவில் நடிகர்கள் தங்கள் சரக்கை வைத்துச் சதை போடுவார்கள். அந்தச் சதை கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி 'ஆலோலம்' பாடும்போது பின்னால் நிஜ மலை கறுப்பாக நிற்கும். அதற்காக நாங்கள் படுதா கட்டுவதில்லை. மூன்று மணி நேரமாக இருந்தாலும் அந்த இடத்துக்காகவே வரலாம்.

நாடக ஒத்திகை எப்ப? வந்து பாக்கலாமா?

ஒத்திகை கிடையாது. ஸ்பெஷல் நாடகம் என்பதே அப்படித்தான். ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஓர் ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி அழைப்போம். அன்று சாயங்காலம் பவுடர் பூசும்போதுதான் பலர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். முந்தைய பதிலில் சொன்ன தர்க்கம் சூடாக இருப்பதற்கு இதுவும் காரணம். எதிராளி என்ன கேட்பார் என்று இருவருக்கும் தெரியாது.

பாவைக்கூத்தைப் பெரிய எல்.இ.டி. திரையில போட்டா எல்லாரும் பாக்கலாமே?

ஒரு வருஷம் போட்டோம். எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள், வேட்டித் திரையை யாருமே பார்க்கவில்லை. ஆட்டுத்தோலில் செய்து சாயம் ஏற்றிய பாவை அது. பின்னால் விளக்கு வைத்து முன்னால் துணி கட்டினால், வெளிச்சம் தோலுக்குள் புகுந்து சிவப்பும் பச்சையுமாகத் துணியில் இறங்கும். கேமராவில் அது வெறும் கறையாகத்தான் வந்தது. மந்தை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தாலே போதும். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடித்துக்கொள்ளும்போது பின்வரிசைக்குச் சிரிப்பு தானாகவே வந்து சேரும்.

கலைஞர்களுக்கு ஒழுங்காக் காசு குடுக்குறீங்களா? எங்கிருந்து வருது?

தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிப்பது), வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்புவது, கரும்பலகை நன்கொடை. கட்சிக் கொடி, கம்பெனி பேனர் எதுவும் மந்தையில் கிடையாது. ஒரு வருஷம் பணம் போதவில்லை, பொய்க்கால் குதிரையை விட்டுவிட்டோம். யாருக்கும் குறைத்துக் கொடுக்கவில்லை.

முன்பணம் வெற்றிலை பாக்கோடு போகும். மீதி அன்று இரவே, வேனில் ஏறுவதற்கு முன்னால். வேன் வாடகை தனி. "காலைல வாங்கிக்கங்க" என்று சொல்லி அலையவிட்ட ஊர்களின் கதையை ஒவ்வொரு குழுவும் வைத்திருக்கிறது. வேறோர் ஊரில் பாதிச் சம்பளம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது என்று ஒரு தவில்காரர் சொன்ன அன்றுதான் இந்த விதியை எழுதினோம்.

மலையில இருக்கிற பளியர் ஆட்டத்தை மேடையேத்துங்க, யூடியூப்ல நல்லாப் போகும்!

போகும், அதுதான் பயம். அந்தப் பழங்குடி மக்கள் எங்கள் விழாவுக்கு வருவார்கள். ஆட விருப்பப்பட்ட வருஷம் ஆடியிருக்கிறார்கள், விருப்பமில்லாத வருஷம் எங்களோடு உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டுப் போனார்கள். சாமி முன்னால் மட்டும் ஆடுவதை மேடைக்குக் கொண்டு வரச் சொல்லிக் கேட்பதில்லை. இலை கட்டிக்கொண்டு ஆடச் சொல்லுங்கள் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அவர் எண்ணை என் ஃபோனில் 'எடுக்காதே' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.

வீடியோ பற்றிப் பொதுவான விதி: எந்தக் கலைஞரையும் கேட்டுவிட்டு எடுங்கள். உடை மாற்றும் அறைப் பக்கம் ஃபோனோடு நின்றால் அன்றைக்கே ஊரை விட்டு அனுப்பிவிடுவோம்.

ராத்திரி தங்கலாமா? காட்டுக்குள்ள டெண்ட் போடலாமா?

காட்டுக்குள் கூடவே கூடாது, அது வனத்துறை இடம். தங்க வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். வீடுகளில் திண்ணையும் மாடியும் உண்டு, குளிருக்குப் போர்வை கொண்டு வாருங்கள். குடித்துவிட்டு வந்தால் திண்ணையும் கிடையாது, பந்தியும் கிடையாது. 2019-லிருந்து தடையில் இருக்கும் பிளாஸ்டிக் கப், பை எதையும் கொண்டு வராதீர்கள். குரங்கு அதை மலை வரைக்கும் எடுத்துப்போகும்.

எங்க ஊர்லயும் இப்படி நடத்தணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் ஊர்க்கூட்டம் போட்டு, பந்தி விஷயத்தைப் பேசி முடியுங்கள். அது முடியாமல் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் காவல் நிலையத்தில் நிகழ்ச்சிக்கும் மைக்குக்கும் எழுதிக் கொடுங்கள், ஒரு மாதம் முன்பே. மந்தையோ பள்ளி மைதானமோ, யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி. காடு ஒட்டிய ஊர் என்றால் வனத்துறைக்கும் ஒரு தகவல்.

நாடகத்துக்கு மதுரையில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். மற்ற குழுக்களுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் மதுரை அலுவலகம் உதவும். ஆனால் நேரில் ஒரு திருவிழாவில் அவர்கள் ஆடுவதைப் பார்க்காமல் யாரையும் பேசாதீர்கள். வருகிற கலைஞர்களில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் (2007-இல் ஏற்படுத்தியது) பதியாதவர்கள் இருந்தால், விழா நாளில் ஒரு மேஜை போட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எங்களுக்குப் பெரிய செலவில்லாத வேலை அது, அவர்களுக்கு உபயோகமானது.

என் மக ஒயிலாட்டம் பாத்துட்டு வந்து வீட்ல துண்டை வீசிட்டே இருக்கா. யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா?

கொடுப்பார்கள். முன்பு ஆண்கள்தான் ஆடினார்கள், இப்போது எங்கள் வரிசையில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். விழா முடிந்த அடுத்த ஞாயிறிலிருந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு, மந்தையில் வாத்தியார் உட்கார்ந்திருப்பார். காசு கேட்க மாட்டார், தாமதமாக வந்தால் திட்டுவார். துண்டு அவளே கொண்டு வரட்டும், கொஞ்சம் நீளமானதாக. சலங்கை நாங்கள் தருகிறோம்.